நோயாளியாகப் படுத்திருந்த பின்னேரங்கள்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தைக் கண்டால் நண்டு ஓடின மணல் என்றுதான் சொல்வீர்கள். எங்கே சின்ன ரகரம், எங்கே பெரிய றகரம் என்பதில் இந்த வயதிலும் எனக்குத் தடுமாற்றம். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சண்டையால் எங்கள் ஊரான இலங்கைத்துறையை விட்டு இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. நகரத்து நூலகத்தில் வேலை செய்யும் ஒருவர், "எழுதிக்கொண்டு வாங்கோ அண்ணை, பிழையளை நாங்கள் பாத்துத் திருத்துறம்" என்று சொன்னதால் துணிந்து எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

துறைமுகப் பக்கம், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. விடியுமுன் போனால் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பெரிய கட்டிகளைக் கொளுக்கியால் இழுத்து மெசினுக்குள் தள்ள வேண்டும். அது அரைத்துத் துப்பும் தூளைப் படகுக்காரர்கள் பெட்டிகளில் வாங்கிப் போவார்கள். அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நிற்கும் இடத்தில் என் வாய் திறக்காது. கடைக்குப் போனால்கூட மற்றவர்கள் வாங்கிப் போகும்வரை ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் கேட்பேன்.

என் மனைவி தாதி. கிளிவெட்டி ஊர்ப் பெண். உயர்தரம் வரை படித்து, தனியார் கல்லூரி ஒன்றில் தாதியர் டிப்ளோமா முடித்து, திருகோணமலையில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். எங்கள் கலியாணப் பேச்சுக்கால் வந்தபோது அவள் வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்போம்; ஐஸ் இழுக்கிறவனுக்கு ஒரு மிஸ்ஸியா என்று கேட்டார்களாம். "குடிக்காத ஆள் எண்டால் எனக்குக் காணும்" என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதும் இல்லை. இங்கே பாருங்கள் என்பதுபோல, அவள் என்னை 'இஞ்சேருங்கோ' என்பாள். நான் அவளை 'இஞ்சேரும்' என்பேன். அந்த இரண்டு சொல்லோடு எங்கள் குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

நாட்டில் எல்லாம் விலை ஏறி, ஆசுபத்திரியிலும் ஆட்களைக் குறைத்த காலத்தில் அவள் இங்கிலாந்துக்குப் போனாள். தாதியாகப் போகவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகப் போனாள். இங்கே எடுத்த டிப்ளோமாவைக் காட்டி அங்கே நேரே தாதியாக முடியாது. அதற்கு வேறு பரீட்சைகள் இருக்கின்றன. உதவியாளர் வேலைக்கு மட்டும் அவர்களே பயிற்சி கொடுத்து எடுப்பார்கள்.

போன புதிதில் போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள்.

"எனக்குக் கை கழுவப் படிப்பிச்சவை."

"ஏன், உமக்குத் தெரியாதோ?"

"இவையளின்ரை கழுவல் வேறை. விரலுக்கு விரல் முறை இருக்கு. பிறகு, ஆளை எப்பிடிப் பிரட்டிப் படுக்க வைக்கிறது, எப்பிடிக் கரண்டியாலை தீத்திறது, என்ன சட்டை போடப்போறீங்கள் எண்டு எப்பிடிக் கேக்கிறது, எல்லாத்துக்கும் வகுப்பு."

"சட்டை போடக் கேக்கிறதுக்குமோ?"

"ஓம். நாங்கள் விரும்பினதைப் போட்டுவிடக் கூடாதாம். அவையிட்டைக் கேக்கவேணும்."

அந்த வேலையை அவள் குறைவாக நினைக்கவில்லை. பயிற்சி முடிந்து கொடுத்த சான்றிதழைப் போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். நான் என் வாழ்நாளில் ஒரு சான்றிதழும் வாங்கினதில்லை. அதனால் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வலிக்கிறது, காணுமா என்று கேட்டாள்.

பிறகு ஒருநாள் அவள் சிரிக்கவில்லை.

"நான் கண்டனான்" என்றாள். "அந்தக் கிழவியின்ரை உதடு நிறம் மாறுது. ஒக்சிஜன் குடுக்கவேணும். சிலிண்டர் எனக்குக் கையெட்டுற தூரத்திலை நிக்குது. நான் தொடக்கூடாது. பெல்லை அடிச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பிறகு?"

"மிஸ்ஸி ஓடிவந்து குடுத்தா. மனுசி தப்பிட்டா."

"அப்ப நல்லம்தானே."

"நல்லம்தான்."

 அதன் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.  அடுத்த கிழமை, தாதிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

அது ஒரு பரீட்சை இல்லை, பல. முதலில் ஆங்கிலம். அதன்பின் கணினியில் கேள்விகள். இங்கே படித்த கல்லூரியின் உறுதிக் கடிதமும் வேண்டும். அந்தக் கல்லூரி அதற்குள் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தது. நான்தான் பஸ் ஏறிப் போனேன். என்ன கேட்க வேண்டும் என்பதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அப்படியிருந்தும் கவுண்டருக்கு முன்னால் நின்றபோது முதல் சொல் வர நேரமெடுத்தது. கடிதம் கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணினிப் பரீட்சையிலும் அவள் முதல் தடவையிலேயே சித்தியடைந்தாள்.

கடைசியில் மிஞ்சினது செய்முறைப் பரீட்சை. அவளுடைய இல்லத்தில் ஒரு தாதி இடம் காலியாக வரப்போகிறது. சித்தியடைந்தால் அதை அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் உதவியாளர் ஒப்பந்தம் முடிகிறபோது அவள் திரும்பி வரவேண்டியதுதான். திரும்பி வந்தால் எனக்கு வீட்டில் துணை. ஆனால் எப்படிப்பட்ட முகத்தோடு வருவாள் என்பதை நான் நினைத்துப் பார்த்தேன். பெல்லை அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவளாக அவள் வரக்கூடாது.

செய்முறைப் பரீட்சை ஒரு பெரிய மண்டபத்தில் நடக்குமாம். தனித்தனி இடங்களில் கட்டில்கள். சிலவற்றில் பொம்மை, சிலவற்றில் நோயாளி போல நடிப்பதற்கென்றே கூலிக்கு வந்த ஆட்கள். பரிசோதகர் ஓரத்தில் நின்று பார்ப்பார். செய்கிற எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டும். மனதுக்குள் செய்தால் செய்ததாகக் கணக்கில்லை.

"எனக்கு ஒரு நோயாளி வேணும்" என்றாள். "இஞ்சை ஆக்களுக்கு முன்னாலை செய்து பாக்க வெக்கமாயிருக்கு. நீங்கள் படுக்கிறியளோ?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதே."

"நோயாளிக்கு ஏன் இங்கிலீசு? நீங்கள் 'யெஸ்', 'நோ' சொன்னால் காணும். மிச்சத்தைத் தமிழிலை சொல்லுங்கோ."

அப்படித் தொடங்கியதுதான். அவளுக்குப் பின்னேர வேலை இருந்த நாட்களில், அங்கே காலை நேரம், இங்கே வெயில் சாயத் தொடங்கும் நேரம். நான் வேலையால் வந்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்டுப் படுப்பேன். பக்கத்தில் கதிரை, கதிரையில் செம்பு, செம்பில் சாய்த்துப் போன். வெளியே வேலியோரம், நகரத்துக்குள் திரியும் மான்கள் வந்து குப்பையைக் கிளறும். அவற்றைக் கலைக்கவும் எழும்பக்கூடாது, ஏனென்றால் நான் நோயாளி.

அவள் சின்னத் திரைக்குள் நின்று, இல்லாத தண்ணீரில் கை கழுவுவாள். பிறகு என்னைப் பார்த்து, தன் பெயரைச் சொல்லி, இன்று உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் தாதி நான்தான் என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்வாள். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் தன்னை அறிமுகம் செய்தது அப்போதுதான். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதேங்கோ! உங்களுக்கு மூச்சுக் கஷ்டம்."

"ஓ, மறந்துபோனன்."

"இளையுங்கோ."

நான் இளைத்துக் காட்டினேன்.

"அது நாய் இளைக்கிற மாதிரி இருக்கு. மெல்ல."

நான் நல்ல நோயாளி இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால் வழக்கம்போல 'நோ' என்றுவிடுவேன். யாருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு வேறு என்ன வாயில் வரும்? "வலி இருக்கெண்டு பயிற்சித் தாளிலை போட்டிருக்கு. நீங்கள் இல்லையெண்டால் நான் என்ன மருந்து தாறது?" என்று ஏசுவாள். ஆகவே நான் முனகப் பழகினேன். கொஞ்சம் கூடுதலாகப் பழகிவிட்டேன் போலிருக்கிறது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கொத்தமல்லி அவித்த தண்ணீரோடு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு மூண்டு நாளா முனகிறியள். நெஞ்சு நோவோ?"

"இல்லை அக்கா. அது நடிப்பு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மனைவி வெளிநாட்டில் இருக்க, பட்டப்பகலில் தனியே கட்டிலில் கிடந்து நடிக்கிற ஆளை வேறு எப்படிப் பார்ப்பது? கொத்தமல்லித் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். நல்லாக இருந்தது.

ஐஸ் தொழிற்சாலையில் என்னோடு கொளுக்கி பிடிப்பவர் கிண்ணியாக்காரர். மெசின் நிற்கும் நேரத்தில் பிளேன்டீயோடு வந்து குந்துவார். விசயம் அவருக்குத் தெரியும்.

"என்ன மச்சான், இண்டைக்கு ஒனக்கு என்ன வருத்தம் குடுத்திரிக்கா?"

"இண்டைக்குச் சத்திரசிகிச்சை முடிஞ்ச ஆள்."

"அல்லாவே! அப்ப கட்டியத் தூக்காத. தையல் பிரிஞ்சி போகும்."

அவர் பகிடி விடட்டும் என்று இருந்தேன். உண்மையில், காலையில் ஐஸ் இழுக்கும்போதே இன்றைக்கு எனக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பரீட்சையில் ஒரு பகுதி, நோயாளியிடம் அவருடைய வாழ்க்கையைக் கேட்டு அறிவது. எங்கள் தாளில் இருந்த நோயாளி மனைவியை இழந்த ஒரு கிழவர். அவள் ஆங்கிலத்தில் கேட்டு, எனக்கு விளங்கத் தமிழிலும் சொல்வாள்; நான் தமிழில் பதில் சொல்வேன்.

"வீட்டில் யாரோடு இருக்கிறீர்கள்?"

"தனிய."

"இரவில் நித்திரை எப்படி?"

"முன்னைய மாதிரி இல்லை. முழிப்பு வந்தால் பிறகு வராது."

"நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?"

"மத்தியானம் சாப்பிடுறன். பொழுதுபட்டால் ஒருத்தருக்காக அடுப்பு மூட்ட மனமில்லை. பாண் இருந்தால் தின்னுறது."

அவள் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ. இது தாளிலை இல்லையே. உண்மையோ, நடிக்கிறியளோ?"

"நடிக்கிறன்" என்றேன்.

அவள் மறுபடி ஆங்கிலத்துக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டுக்கு உதவி ஒழுங்கு செய்யப்படும் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதினாள். நோயாளியாகப் படுத்துக்கொண்டு அவளிடம் சொன்ன அளவுக்கு, புருசனாக இருந்து நான் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை.

பரீட்சைக்குப் போய் வந்தாள். நல்லாகச் செய்தேன் என்றாள். சில நாளில் முடிவு வந்தது. எல்லா இடத்திலும் சித்தி, ஒரு இடத்தில் மட்டும் இல்லை. மருந்து கொடுக்கும் இடத்தில். அந்த இடத்தை மட்டும் திரும்பச் செய்யலாம். ஆனால் அதற்கும் தடவைகள் அளவுதான். அதற்குள் இல்லத்தில் அந்த வேலையிடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

"மருந்திலை பிழை விடேல்லை" என்று அழுதாள். "அளவு சரி. நேரம் சரி. ஒவ்வாமை கேட்டனான். எனக்கு ஏன் பெயில் போட்டவையெண்டே விளங்கேல்லை."

ஏன் என்பதை அவர்கள் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். நோயாளி யார் என்பதை அவள் உறுதி செய்யவில்லையாம்.

"கைப்பட்டியைப் பாத்தனான்!" என்றாள். "பேர் அதிலை இருந்தது. கண்ணாலை பாத்தனான்."

பார்த்திருக்கிறாள், ஆனால் கேட்கவில்லை. இங்கே வார்ட்டில் யார் பெயர் கேட்கிறார்கள்? கட்டில் இலக்கம்தான் பெயர். 'பதினோராம் கட்டில் ஐயா, மருந்து' என்றால் ஐயா வாயைத் திறப்பார். அந்தப் பழக்கம் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். இனிக் கவனமாக இருக்கிறேன் என்று சொல்லி மறுபடி பயிற்சியைத் தொடங்கினாள். ஆனால் அடுத்த நாளும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

அதைக் கண்டுபிடித்தது கேரளாப் பெண் ஒருத்தி. அங்கே என் மனைவி இருந்த வீட்டில் இன்னோர் அறையெடுத்து இருந்தவள், ஏற்கெனவே தாதியாகச் சித்தியடைந்தவள். ஒருநாள் தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்று எங்கள் பயிற்சியைப் பார்த்தாள். முடிந்ததும் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள். என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"உன்ரை நோயாளிக்குப் பேரே இல்லையா எண்டு கேக்கிறா."

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. தொடக்கத்தில், தாளில் இருந்த வெள்ளைக்காரப் பெயரை அவள் எனக்குச் சொல்லித் தந்தாள். எனக்கு அது நாக்கில் நிற்கவில்லை. கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறாள் என்று படுத்திருப்பேன். ஆகவே அந்தப் பெயரை விட்டோம். என் பெயரைச் சொல்லலாமே என்றால், அவள் அதை என் முகத்துக்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி வளர்த்தது. கந்தோர்களில் படிவம் நிரப்பக் கேட்டால் எழுதிக் காட்டுவாள். ஆக, பெயர் கேட்கும் இடத்தைத் தாண்டித் தாண்டி, இத்தனை மாதமும் தாண்டுவதையே அவள் பயிற்சி செய்திருக்கிறாள். மண்டபத்தில் பரிசோதகருக்கு முன்னாலும் பழகினபடியே தாண்டிவிட்டாள்.

கேரளாப் பெண் விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவரிடம் கேட்டுவிட்டால் உலகத்தில் யாரிடமும் கேட்பாய், கேள் என்றாளாம்.

என் மனைவி கை கழுவினாள். அறிமுகம் சொன்னாள். நின்றாள். சிரிப்பு வந்தது. திரும்பக் கை கழுவினாள். பிறகு தமிழிலேயே கேட்டாள்.

"உங்கடை முழுப்பேரைச் சொல்லுங்கோ."

"உமக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சாலும் நீங்கள் சொல்லவேணும். அதுதான் முறை."

சொன்னேன். பிறந்த திகதியும் சொன்னேன். அவள் இல்லாத கைப்பட்டியைப் பார்த்துச் சரி என்றாள். அடுத்த கேள்விதான் கஷ்டம். உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது உங்களுக்கு விருப்பம் என்று கேட்க வேண்டும். கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலையிடத்தில் என்னை 'ஐஸ்' என்பார்கள், அயலில் தம்பி, அண்ணை. என்னை எப்படிக் கூப்பிட விருப்பம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"வழக்கமாக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடும்" என்றேன்.

"அங்கை ஒரு வெள்ளைக்காரக் கிழவனை 'இஞ்சேருங்கோ' எண்டு கூப்பிட்டால் என்னைப் பிளேனிலை ஏத்தி விட்டிடுவினம்."

மூன்று பேரும் சிரித்தோம். கேரளாப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன், "பேரைச் சொல்லியே கூப்பிடும். ஆயுள் குறைஞ்சால் குறையட்டும். உமக்குப் பாஸ் முக்கியம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு 'மிஸ்டர்' என்று போட்டு என் பெயரைச் சொன்னாள். குரல் நடுங்கினது. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் சொல்லும்போது தவிர, அந்தப் பெயரை அவ்வளவு கவனமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் யெஸ் என்றேன். இல்லாத குளிசையை அவள் நீட்ட, இல்லாத தண்ணீரோடு விழுங்கினேன்.

அடுத்த நாள் கிண்ணியாக்காரரிடம் சொன்னேன். அவர் பகிடி விடுவார் என்று பார்த்தேன், விடவில்லை.

"எங்கட உம்மாவும் வாப்பாட பேரச் சொன்னதில்ல மச்சான்" என்றார். "வாப்பா மௌத்தாகி, ஆசுபத்திரியில எழுதுறதுக்குப் பேர் கேட்டாங்க. அப்பயும் என்னத்தான் பாத்தாங்க."

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதையே செய்தோம். பெயர், திகதி, கைப்பட்டி, எப்படிக் கூப்பிட. நாலைந்து நாளில் அவளுக்குச் சிரிப்பு நின்றது. பத்துப் பதினைந்து நாளில் நடுக்கமும் நின்றது. பரீட்சைக்கு முந்தின நாள் அவள் என் பெயரைச் சொன்ன விதம், சாமான் பட்டியலில் சீனி, பருப்பு என்று வாசிப்பது போல இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். நான் யெஸ் என்றேன்.

முடிவு வந்த செய்தி எனக்கு வேலையிடத்தில் கிடைத்தது. காற்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மெசின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணியாக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மெசினை நிறுத்தினார். படகுக்காரர்கள் கத்தினார்கள். "கொஞ்சம் பொறுங்கடாப்பா, ஆஸ்பத்திரி விசயம்" என்று அவர் திருப்பிக் கத்தினார்.

"பாஸ்" என்றாள் அவள். "கேக்குதோ? பாஸ்!"

"கேக்குது."

"நோயாளிக்கு நன்றி சொன்னதெண்டு சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன்" என்றேன்.  கிண்ணியாக்காரர் என் முதுகில் அடித்தார். படகுக்காரர்களுக்கெல்லாம் அன்று அவர்தான் செய்தி சொன்னார், தன் தங்கை சித்தியடைந்தது போல.

அந்தத் தாதி இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. நீல உடுப்புப் போட்டுப் படம் அனுப்பினாள். இப்போது மருந்து அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவள் இடுப்பில் இருக்கிறது. புது வேலைக்கும் ஒரு பயிற்சி, மேலாளர்களோடு கூட்டம், இரவு முறை, பகல் முறை. பின்னேரம் பயிற்சி செய்ய இனி ஒன்றுமில்லை. நான் மட்டும் பழக்கத்தில் குளித்து, சாப்பிட்டு, அந்த நேரத்துக்குக் கட்டிலில் போய்ப் படுத்தேன். ஒரு கிழமைக்கு மேல் அப்படிப் படுத்தேன். வருத்தம் ஒன்றும் இல்லாமல் பகலில் படுத்திருப்பது எனக்குச் சரிவரவில்லை. எழும்பி மான்களைக் கலைத்தேன்.

நீங்களும் வரலாம்தானே என்றாள் ஒருநாள். இங்கேயே பராமரிப்பு உதவியாளர் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தால் அங்கே ஆம்பிளைகளுக்கும் வேலை இருக்கிறதாம், கிழவர்களைத் தூக்கப் பலமுள்ள ஆட்கள் வேண்டுமாம். "நீங்கள் ஐஸ் தூக்கினனீங்கள்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். நகரத்தில் அந்தப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மற்றவர்கள் கேட்டுப் போகும்வரை சுவரோரம் நின்றேன். எல்லோரும் இளம் பெண்பிள்ளைகள். என் முறை வந்தபோது மேசையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள்.

"எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீங்கள் ஐயா?"

"அஞ்சு."

"ஒன்பதாவது முடிச்சிருக்கவேணும் ஐயா. எங்கடை கையிலை இல்லை."

"பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்துறைமுகக் கரையால் நடந்து வந்தேன். இறங்குதுறையில் மூதூருக்குப் படகேறிப் போகிற ஆட்கள் நின்றார்கள். கொஞ்ச நேரம் அவர்களோடு நின்றேன், எங்கேயும் போக இல்லாமல்.

அவளிடம் சொன்னபோது, வேறு வழி பார்ப்போம் என்றாள். அவள் பார்ப்பாள், சொன்னால் செய்கிறவள். ஆனால் அங்கே அவளுக்கு நாள் போதவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை எடுப்பாள். சாப்பிட்டேனா, மழையா, பக்கத்து வீட்டு அக்கா எப்படி என்று கேட்பாள். நித்திரை எப்படி என்று கேட்க மாட்டாள். அது தாளில் இருந்த கேள்வி. புருசனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவள் கேட்காமல் நானாகச் சொல்ல எனக்கும் வாய் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். பின்னால் யாரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொல்லி, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். தயக்கமில்லை, சிரிப்பில்லை. அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நாள் முழுக்கப் பெயர் கேட்டு, பெயர் சொல்லி மருந்து கொடுக்கிற வாய். தான் சொன்னது அவளுக்கே தெரிந்திருக்காது. நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதோ?" என்றாள்.

"ஓம், கேக்குது. சாப்பிட்டனான்."

"என்ன கறி?"

"சூடை மீன்."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்தாள். அவளில் பிழையில்லை. வற்புறுத்திச் சொல்லவைத்ததே நான்தான். தேவையென்றால் திரும்பவும் அப்படியேதான் செய்திருப்பேன். ஆனாலும் அன்று பின்னேரம் முழுக்க, அந்தப் பெயருக்கு உரிய ஆள் வேறு எங்கேயோ ஒரு கட்டிலில் படுத்திருக்கிறார், அவருக்கு மருந்து நேரம் ஆகிவிட்டது என்பது போல இருந்தது எனக்கு.

திருகோணமலை, 2025 ஐப்பசி 3.